ஒருவர் பார்க்கிறார்

மறுபடியும் போய்விட்டது. லேப்டாப் திரையின் ஓரத்தில் அந்தச் சின்ன உலக உருண்டைப் படம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனால், இணைக்கப்பட்டுள்ளது, இன்டர்நெட் இல்லை என்கிறது. இணைந்திருந்தால் இருக்க வேண்டும், இல்லையென்றால் இணையவில்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல இதற்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ. மணி ஏழு ஐம்பத்திரண்டு. முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. ஹாட்ஸ்பாட்டை அணைத்தேன், பத்து எண்ணினேன், போட்டேன். ஏன் பத்து என்று எனக்கும் தெரியாது. எட்டு எண்ணினாலும் வரும், எண்ணாவிட்டாலும் வரும், ஆனால் என் கை பத்து எண்ணாமல் போடாது. வந்துவிட்டது. வீடியோ கேமராவின் தலையில் கவ்வி வைத்திருக்கும் செல்போனில் நேரலை மறுபடி ஓட ஆரம்பித்தது. ஒரு சிவப்புப் பொட்டு, பக்கத்தில் ஒரு கண் படம், கண்ணுக்குப் பக்கத்தில் 1. ஒருவர் பார்க்கிறார். அந்த ஒன்று இருக்கிறவரை எனக்கு மூச்சு சீராக வருகிறது. மேடையில் ஐயர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை உதட்டை மட்டும் அசைக்கிறார். ஓமப் புகை நேராக என் முகத்துக்கு வருகிறது. இருபத்திரண்டு வருஷத்தில் ஓமப் புகை என் கண்ணைக் கரிப்பதை நிறுத்திவிட்டது, கல்யாணமும் அப்படித்தான். மாப்பிள்ளை யார், பெண் யார் என்பதெல்லாம் ஆல்பத்தின் அட்டையில் எழுத்துப் பிழை வரக் கூடாது என்பதற்காகத் தெரிந்துவைத்துக்கொள்கிற விஷயங்கள். இன்றைய பெண் சுபாஷினி. ஷ வருமா ச வருமா என்று இரண்டு முறை கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்கு லேப்டாப் எதற்கு என்று ஆளாளுக்குக் கேட்டாகிவிட்டது. இந்த வள்ளிநாயகி மகாலின் இன்டர்நெட் பெட்டி மேனேஜர் அறையில் இருக்கிறது. அதன் வைபை சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் நொண்டிக்கொண்டு வரும், மேடைக்கு வராது. செல்போனின் சொந்த டேட்டாவில் ஓட்டலாம் என்றால், எழுநூறு பேர் கூடிய இடத்தில் எழுநூறு போனும் ஒரே டவரைப் பிடித்து இழுக்கின்றன, படம் போட்டது போட்டபடி நின்றுவிடும். அதனால் மேனேஜர் அறையிலிருந்து முப்பது மீட்டர் நீலக் கேபிளைச் சுவரோரமாக டேப் ஒட்டி இழுத்து வந்து, மேடைக்குப் பக்கத்தில் லேப்டாப்பில் செருகி, லேப்டாப்பை ஹாட்ஸ்பாட் ஆக்கி, அதிலிருந்து செல்போனுக்கு நெட். நானே யோசித்துச் செய்த ஏற்பாடு. கொஞ்சம் பெருமைகூட உண்டு, இன்று காலை ஏழரை வரைக்கும் இருந்தது. வழக்கமாக நேரலையின் லிங்கைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடுவார்கள். வெளிநாட்டில் ஓர் அத்தை, பெங்களூரில் நாலு பேர், லீவு கிடைக்காத மச்சான் என்று நாற்பது ஐம்பது பேர் பார்ப்பார்கள். பாதியில் அறுந்தால் ஒருவரும் அழப்போவதில்லை, பாதிப் பேர் பல் தேய்த்துக்கொண்டு பார்ப்பவர்கள். இன்று அப்படியில்லை. இந்த வீட்டுச் சொந்தம் மொத்தமும் மண்டபத்துக்குள் இருக்கிறது, பந்தியில் பாதி, நாற்காலியில் மீதி. வெளியே இருப்பது ஒரே ஆள், பெண்ணின் அப்பா.

அடைக்கலம் மஸ்கட்டில் இருக்கிறார். பத்தொன்பது வருஷமாக டிரைவர். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள், ஏதோ வழக்கு, அது முடிகிறவரை பாஸ்போர்ட் கைக்கு வராது. முடிந்துவிடும் முடிந்துவிடும் என்று கல்யாணத் தேதியை இரண்டு தடவை தள்ளிவைத்திருக்கிறார்கள். மூன்றாவது தடவை மாப்பிள்ளை வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்களாம். மூன்று நாளைக்கு முன்னால் அவரே என்னைக் கூப்பிட்டார். “தம்பி, பெருசா ஒண்ணும் வேணாம். பாப்பா கழுத்துல தாலி ஏறுறத மட்டும் கட்டாகாம காட்டிருங்க. முன்ன பின்ன போனாலும் பரவால்ல.” முழுசாவே காட்டுறேண்ணே என்றேன். “முழுசா காட்டுனாலும் சரிதான். தாலிய மட்டும் விட்டுறாதீங்க.” கவலைப்படாதீங்கண்ணே என்றேன். கவலைப்படாதீங்க என்று நான் ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்கிறேன், அதைச் சொல்லும்போது பெரும்பாலும் வேறு எதையாவது தேடிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு ஒரு பேட்டரியைத் தேடிக்கொண்டிருந்தேன். அறையில் எட்டுப் பேர், மற்றவர்கள் தூங்குவார்கள், காதில் மாட்டிக்கொண்டு பார்ப்பேன் என்றார். அங்கே இப்போது ஆறரைகூட ஆகியிருக்காது. ஒன்றரை மணி நேரம் பின்னால். அது போக நேரலையே இருபது முப்பது நொடி தாமதம். இங்கே ஐயர் போடுகிற பூ அங்கே அரை நிமிஷம் கழித்துத்தான் விழும். மகள் வயசுக்கு வந்தது அவருக்கு எத்தனை நாள் கழித்துத் தெரிந்ததோ, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கு எத்தனை மணி நேரம் கழித்துப் போனதோ. அதையெல்லாம் பார்க்கும்போது அரை நிமிஷம் என்பது முன்னேற்றம்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இப்படித்தான் எதையாவது நினைக்க வருகிறது, நல்ல நேரத்தில்.

ஏழு ஐம்பத்தெட்டு. உருண்டை மறுபடி வந்துவிட்டது. இந்தத் தடவை கேபிளைச் சந்தேகப்பட்டேன். கல்யாண மண்டபத்தில் முதலில் மனிதர்களைச் சந்தேகப்பட வேண்டும், பிறகுதான் கருவிகளை. கேமராவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஜெபராஜிடம் கை காட்டினேன். ஜெபராஜ் என்னோடு பதினாறு வருஷமாக வருகிறார், அவர் போட்டோ, நான் வீடியோ. சுவரோரமாகக் கேபிளைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். நடுவழியில் ஓர் அம்மாவின் நாற்காலிக் கால் கேபிளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. “கொஞ்சம் எந்திரிங்கம்மா” என்றேன். “ஏன், போட்டோவுல மறைக்கிறேனா?” என்றார். போட்டோவில் நிற்கிற இடத்தைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை, நிற்காத இடத்தைப் பற்றி ஒருவருக்கும் இல்லை. நாற்காலியை நகர்த்திவிட்டு மேனேஜர் அறைக்குப் போனேன். போன கல்யாணத்தில் யாரோ பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போன் சார்ஜ் போட்டிருந்தார்கள். இன்று பிளக் இருக்கிறது, பெட்டியில் நாலு விளக்கும் பச்சையாக எரிகிறது, மேனேஜர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வந்து அணைத்து, பத்து எண்ணிப் போட்டேன். வந்தது. கண் படம். சற்று யோசித்து, 1. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது. “தம்பி, அவுக பாக்குறாகளா?” மலர்க்கொடி அக்கா, பெண்ணின் அம்மா. மெரூன் பட்டுப் புடவை, தலையில் இரண்டு முழம் பூ. கையில் யாருடைய கைப்பையோ இரண்டு. “என் போன எந்தப் பையில போட்டேன்னே தெரியல. பாப்பா ரூம்ல கெடக்கோ என்னமோ. அதான் உங்கள்ட்ட கேக்குறேன்.” நான் திரையைப் பார்த்தேன். “பாக்குறாருக்கா. இந்தா பாருங்க, ஒருத்தர் பாக்குறார்னு காட்டுது.” அவர் குனிந்து அந்த ஒன்றைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். “சரி தம்பி” என்றார். அவ்வளவுதான். பிறகு மேடையின் ஓரத்துக்குப் போய், தூணுக்கும் வாழை மரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டார். அந்த இடம் என் படத்தில் விழாது.

அவர் அங்கே நிற்பதற்குக் காரணம் உண்டு. தாரை வார்த்துக் கொடுக்கத் தம்பதியாக உட்கார வேண்டும். அப்பா இல்லை, அதனால் அம்மாவும் இல்லை. அடைக்கலத்தின் அண்ணன் செல்லையாவும் அவர் மனைவியும் மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதோ, சுபாஷினியின் கை மேல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். செல்லையா முகத்தில் பொறுப்பு வழிகிறது, முழு மண்டபத்தையும் தானே தூக்கி நிறுத்தியிருப்பதுபோல. கெட்ட மனிதர் இல்லை. காலையிலிருந்து என்னை மட்டும் ஏழு தடவை அதட்டியிருக்கிறார், அதைத் தவிர. முறைப்படி எல்லாம் சரியாக நடக்கிறது. முறைப்படி நடப்பதைப் படம் எடுக்கிறவன் நான், அது சரியா என்று யோசிப்பது என் வேலையில் சேராது. ஆனாலும் ஒன்று தோன்றியது. தன் இடத்தில் அண்ணன் உட்கார்ந்து தன் மகளைக் கொடுப்பதை ஒரு மனிதன் காதில் மாட்டிக்கொண்டு, எட்டுப் பேர் அறையில், சத்தம் போடாமல் பார்ப்பது எப்படி இருக்கும். இந்த இடத்தில் மட்டும் நெட் அறுந்திருந்தால்கூட நல்லதுதானே. நினைத்து முடிக்கவில்லை, அறுந்துவிட்டது. எட்டு ஐந்து. அணைத்தேன், பத்துக்குப் பதில் இருபது எண்ணிப் போட்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

தாரை வார்த்தது முடிந்து பெண்ணைக் கூரைப் புடவை மாற்ற அழைத்துப் போனார்கள். பதினைந்து நிமிஷமாவது ஆகும். எவ்வளவு சொன்னாலும் பதினைந்துக்குக் குறையாது. லேப்டாப்பின் அமைப்புகளைத் திறந்தேன். யாரும் இணையாமல் சும்மா இருந்தால் ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துகொள்ளும் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை நிறுத்தினேன். கரண்டை மிச்சம் பிடிக்க வைபை கருவியைத் தூங்க வைக்கலாம் என்று எங்கோ உள்ளே ஒரு கட்டத்தில் டிக் இருக்கும், அதை எடுத்தேன். இத்தனை பேர் கண் முழித்து நிற்கும்போது இதற்கு மட்டும் தூக்கம். எடுத்துவிட்டு, போட்டுவிட்டு, காத்திருந்தேன். காத்திருக்கிற நேரத்தில் பேராவூரணிக் கல்யாணம் வந்து நிற்கிறது. அது இப்படித்தான், நான் கூப்பிடாமலே வரும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மாப்பிள்ளை தாலியைக் கட்டுகிற அந்த நொடியில் என் பேட்டரி செத்துவிட்டது. மாற்றி ஆன் பண்ணுவதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது. நான் என்ன செய்தேன், பெரிய புத்திசாலியாட்டம், மாப்ள சார் இன்னொரு தடவை கட்டுற மாதிரி கையை வைங்க என்றேன். அந்தப் பையன் கட்டுகிற மாதிரி வைக்கவில்லை. அவிழ்த்துவிட்டு நிஜமாகவே மறுபடி கட்டினான். பெண்ணின் அம்மா சந்தனக் கிண்ணத்தை என் மேல் எறிந்தார். எட்டு மாதத்தில் அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் அப்பா ஒருநாள் என் கடைக்கு வந்தார். திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு, “ரெண்டாவது தடவ கட்டுனத மட்டும் அழிச்சிருங்க தம்பி” என்றார். அழித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு இந்தச் சாஸ்திரத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனால் அன்றிலிருந்து தாலி நேரத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. இங்கே பாருங்க, சிரிங்க, கையை இறக்குங்க என்பதெல்லாம் ஜெபராஜின் வேலை. ஐயருக்கு அடுத்தபடியாக மேடையில் உத்தரவு போடுகிறவர் போட்டோக்காரர்தான், அந்தப் பதவியை நான் அவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன்.

எட்டுப் பதினொன்று. மறுபடியும் அறுந்தது. டிக் எடுத்ததால் பலன் இல்லை. இந்தத் தடவை நான் எதையும் தொடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பதறுகிறவனுக்குத் தெரியாதது சும்மா பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும், என் தொழிலே அதுதான். உருண்டை வந்தது. உடனே லேப்டாப் தானாக எதையோ தேடியது. “வள்ளிநாயகி மகால்” என்ற பெயர் ஒரு நொடி பளிச்சிட்டுப் போயிற்று. பிடித்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மண்டபத்தில் ஒரு வரவேற்புக்கு வந்தபோது சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இந்த மண்டபத்து வைபையைப் போட்டிருக்கிறேன். தானாக இணை என்ற கட்டத்தில் டிக்கும் போட்டிருக்கிறேன். போகிற மண்டபத்திலெல்லாம் போடுவேன், ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்டு மேனேஜர் பின்னால் அலைய முடியாது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து அந்த வைபை லேசாக வீசும்போதெல்லாம் லேப்டாப் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அதைப் பிடிக்க ஓடுகிறது, எட்டவில்லை, திரும்பி வருகிறது, அதற்குள் ஹாட்ஸ்பாட் விழுந்துவிடுகிறது. சேமித்து வைத்த பெயர்களின் பட்டியலைத் திறந்தேன். நூற்றுக்கு மேல் மண்டபம். ஸ்ரீ, ஸ்ரீ, ஸ்ரீ என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு கல்யாணம் எடுத்திருக்கிறேன், ஒரு முகமும் ஞாபகம் இல்லை. வள்ளிநாயகி மகாலைத் தேடி எடுத்து நீக்கினேன். இரண்டு நிமிஷம் பார்த்தேன். மூன்று நிமிஷம். உருண்டை வரவில்லை. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

சரி, பாரத்தையும் கொஞ்சம் குறைத்துவிடலாம் என்று நினைத்தேன். பாழாய்ப்போன நினைப்பு, நல்ல நினைப்பு, எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். ஹாட்ஸ்பாட்டில் இரண்டு கருவி இணைந்திருப்பதாகக் காட்டியது. ஒன்று நேரலைப் போன். இன்னொன்று என்னுடைய போன், ஸ்டாண்டின் அடியில் பைக்குள் சத்தம் இல்லாமல் கிடக்கிறது. படம் சரியாகப் போகிறதா என்று சோதிக்க, என் சேனல் பக்கத்தை அதில் திறந்து வைத்திருப்பேன், நேரலை புதிதாகத் தொடங்கினாலும் அதில் தானாக ஓடும், எல்லாக் கல்யாணத்திலும் செய்வதுதான். எடுத்து அந்தப் பக்கத்தை மூடினேன். நிமிர்ந்து பார்த்தேன். கண் படத்துக்குப் பக்கத்தில் 0. முதலில் மறுபடி அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அறுந்திருக்கவில்லை. படம் ஓடுகிறது, சிவப்புப் பொட்டு எரிகிறது, இன்டர்நெட் கல் மாதிரி நிற்கிறது. பார்க்க ஆள் இல்லை. அந்த ஒன்று நான். காலையிலிருந்து நான் காவல் காத்த அந்த ஒன்று நானேதான். நாற்பது பேர் பார்க்கிற இடத்தில் நாற்பத்தொன்று என்று வரும், எவன் கணக்குப் பார்க்கிறான். மலர்க்கொடி அக்கா குனிந்து அத்தனை நேரம் பார்த்தாரே, அது என்னைத்தான். என் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. எப்போதிலிருந்து அவர் இல்லை? போனில் வாட்ஸப்பைத் திறந்தேன், அங்கே வரிசையாக இருந்தது. ஏழு நாற்பத்தொன்று: தம்பி படம் நின்னுருச்சு. ஏழு நாற்பத்தாறு: தம்பி நேரலை முடிந்ததுன்னு வருது. ஏழு ஐம்பத்தைந்து: தம்பி. எட்டு இரண்டு: பரவால்ல தம்பி, நீங்க வேலையா இருப்பீங்க.

முதல் தடவை அறுந்தபோது நடந்தது அது. இப்போது தெளிவாக ஞாபகம் வருகிறது. நேரலை முடிந்தது, புதிதாகத் தொடங்கவா என்று போன் கேட்டது, செல்லையா அந்த நேரம் பார்த்து, “என்னய்யா வீடியோ, லேப்டாப்பக் கட்டிக்கிட்டு அழுற, மேடையப் பாரு” என்று கத்தினார், நான் ஆமாம் என்று தட்டிவிட்டு நிமிர்ந்தேன். புதிதாகத் தொடங்கினால் புது லிங்க். அதை அவருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை. அவர் கையில் இருப்பது முடிந்துபோன நேரலையின் லிங்க். ஹாட்ஸ்பாட், கேபிள், நாற்காலி, தூக்கம் என்று நாற்பது நிமிஷம் நான் சரிசெய்துகொண்டிருந்ததெல்லாம், போகாத வண்டிக்குக் காற்றடித்த வேலை. புது லிங்கை அனுப்பினேன். அண்ணே, இதத் தொடுங்க, பழசு வேண்டாம் என்று குரலும் அனுப்பினேன். அங்கே வாட்ஸப்பில் கூப்பிட்டால் மணி அடிக்காதாம், எழுதலாம், குரல் அனுப்பலாம், அதோடு சரி. சாதாரணமாகக் கூப்பிட என் சிம்மில் வெளிநாட்டுக்குப் பேசும் வசதி கிடையாது. இரண்டு டிக் விழுந்தது. சாம்பல் நிறம். நீலமாகவில்லை. எட்டு இருபது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாரோ. பரவால்ல தம்பி என்று எழுதிவிட்ட பிறகு ஒரு மனிதன் எத்தனை நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். சுபாஷினி கூரைப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். தேங்காய் மேல் தாலியை வைத்துத் தாம்பாளத்தைச் சபைக்குள் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொருவரும் தொட்டுக் கும்பிடுகிறார்கள். நான் வாழ்க்கையில் முதல் முறையாக, எல்லோரும் நன்றாக நிதானமாகக் கும்பிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மறுபடி ஒரு குரல் அனுப்பினேன். சாம்பல். தாம்பாளம் கடைசி வரிசை வரை போய்த் திரும்பிவிட்டது. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். “கெட்டிமேளம், கெட்டிமேளம்!” தவில் வெடித்தது. 0. மாப்பிள்ளையின் இரண்டு கையும் அவள் கழுத்தைச் சுற்றிப் போகின்றன. 0.

“நிறுத்துங்க!” என்றது ஒரு குரல். என் குரல்தான். கல்யாண மண்டபத்தில் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது இதுதான். வேறு எவ்வளவோ இருக்கிறது, ஒரு நிமிஷம் என்றிருக்கலாம், இங்க பாருங்க என்றிருக்கலாம். வாயில் வந்தது இது. தவில்காரர் அடியைப் பாதியில் விட்டார். நாகஸ்வரம் ஒரு இழுப்பு இழுத்து அடங்கியது. எழுநூறு பேரும் வாசல் பக்கம் திரும்பினார்கள், யாரோ ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து நிற்கிறாளா என்று. அவசரக்காரர்கள் போட்ட அட்சதை மட்டும் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. ஜெபராஜ் என்னை ஒரு பார்வை பார்த்தார். பதினாறு வருஷம் வீண்போகவில்லை, அவருக்கு ஒன்றும் புரியாமலே உடனே முன்னால் பாய்ந்து, “மாப்ள, கை அப்படியே இருக்கட்டும், பொண்ணு மொகத்த மறைக்குது, ஐயரே கொஞ்சம் பின்னால” என்று ஆரம்பித்துவிட்டார். செல்லையா எழுந்தேவிட்டார். “யோவ், நீ யாருய்யா நிறுத்தச் சொல்றதுக்கு? கெட்டிமேளம் கொட்டியாச்சு!” நான் அந்தச் சைபரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குள் பேராவூரணி அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். தூணுக்கும் வாழை மரத்துக்கும் நடுவிலிருந்து மலர்க்கொடி அக்கா என் முகத்தைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டது. “இருக்கட்டும் மாமா” என்றார் செல்லையாவிடம். காலையிலிருந்து சபையில் அவர் பேசிய முதல் பேச்சு. “மணி ஒம்பது ஆகலையே. படம் நல்லா விழட்டும்.” ஐயரும், “நேரம் இருக்கு, அவசரமில்லை” என்றார். அவருக்கு எல்லாக் கல்யாணமும் ஒன்றுதான், என்னைப்போல. சுபாஷினி மெதுவாகக் கையை உயர்த்தி, கழுத்து மாலையில் சிக்காத ஒரு பூவைச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். அவசரமே படாமல். மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் லேசாக ஆடியது. எத்தனை நொடி என்று சொல்ல முடியாது, பத்துக்கு மேல் நான் எண்ணவில்லை. டிக் நீலமாயிற்று. கண் படம் சற்று யோசித்தது. 1. நான் என் போனைத் திருப்பிப் பார்த்தேன். மூடித்தான் இருக்கிறது. நான் இல்லை. “கட்டுங்க” என்றேன். மறுபடி சொன்னேன். “கட்டுங்க, கட்டுங்க.”

கட்டினார். நாத்தனார் மற்ற இரண்டு முடிச்சையும் போட்டாள். தவில்காரர் விட்டதற்கும் சேர்த்து அடித்தார். நான் படத்தை அசையாமல் பிடித்திருந்தேன், கை அதன் வேலையைச் செய்தது, கண்ணைத்தான் துடைக்க வேண்டியிருந்தது. இந்த முறை புகை கரித்தது என்று சொன்னால் யாரும் நம்பத் தேவையில்லை. அழுதேன். மாலை மாற்றினார்கள். ஐயர் அம்மியைக் கொண்டுவரச் சொன்னார். அப்போது என் போனில் ஒரு குரல் வந்தது, காதில் வைத்துக் கேட்டேன். அறையில் தூங்குகிறவர்களுக்காக அவர் மிகவும் தணித்துப் பேசியிருந்தார். “பாத்துட்டேன் தம்பி. பாப்பாவ நல்லாப் பாத்துட்டேன். அவ அம்மா எங்க நிக்கிறா, காணோமே. அவளக் கொஞ்சம் காட்டுறீங்களா.” இருபத்திரண்டு வருஷத்தில் மேடையில் சடங்கு நடக்கும்போது நான் கேமராவை வேறு பக்கம் திருப்பியதில்லை. ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தித் திருப்பினேன். மணமக்கள் போனார்கள், அம்மி போயிற்று, செல்லையா போனார், தூண் வந்தது, மலர்க்கொடி அக்கா வந்தார். கையில் அந்த இரண்டு கைப்பையும் அப்படியே இருந்தன. பூ ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கேமரா தன்னைப் பார்ப்பது தெரிந்து திடுக்கிட்டார். “என்ன தம்பி, இந்தப் பக்கம்?” அண்ணன் கேட்டாருக்கா, உங்களைக் காட்டச் சொன்னார் என்றேன். அவர் பையைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். போனின் அந்தச் சின்னக் கண்ணாடிப் புள்ளிக்குள் யாரையோ தேடுவதுபோல் பார்த்துவிட்டு, நல்ல சத்தமாகவே அதட்டினார். “என்னைய எதுக்குப் பாக்குறீங்க? அங்க பாப்பாக்கு மெட்டி போடுறாக. அங்க பாருங்க.” மேடையை நோக்கிக் கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது, கண் மட்டும் கேமராவை விட்டு நகரவில்லை. பின்னால் ஜெபராஜ், “குணா, மெட்டி, மெட்டிய விட்டுறாத” என்று கத்தினார். செல்லையாவும் கத்தினார். நான் கேமராவைத் திருப்பவில்லை.